அன்றைக்கு மழை பெய்யவில்லை

நவம்பர் 3, ஞாயிறு

இது கோகிலாவின் நோட்டு. முன்னால் பாதி அவள் எழுதியது. நான் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். ஏழாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். யாரும் படிக்கப் போவதில்லை.

இன்றைக்குப் புத்தகக் கடைக்காரர் சந்திரசேகர் வந்தார். கூடவே கடையில் வேலை பார்க்கும் பர்வீன். என் மகள் செத்து நாற்பத்தாறு நாள் கழித்து இரண்டு பேரும் ஆப்பிள் பையோடு வந்து நிற்கிறார்கள். வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அவர் உட்கார்ந்தார். பர்வீன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருபத்திநாலாம் தேதி ஞாயித்துக்கெழமை நம்ம கடையில கோகிலவாணிக்கு ஒரு நினைவுக் கூட்டம் வெக்கறோங்மா. நீங்க வந்து மேடையில பேசோணும்."

"நான் என்னங்க பேசறது?"

"நீங்க அவளுக்குச் சொன்ன கதைக இருக்குதே. அதுல ஒண்ணு சொன்னாப் போதும். வர்ற எழுத்தாளருங்க எல்லாம் அந்த அம்மாவைப் பார்க்கோணும்னு கேக்கறாங்க."

எந்தக் கதை என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வாயைத் திறந்திருந்தால் அந்த ஆப்பிளை அவர் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன். காய்ச்சலோடு என் பிள்ளையை மைக் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்த ஆள். கம்பெனியில் என் பக்கத்து டேபிள் ருக்குமணிதான் சொன்னாள். அவள் தங்கச்சி மகள் அன்றைக்கு அந்தக் கடையில் இருந்தாளாம். கோகிலா தண்ணீர் தண்ணீராகக் குடித்துக்கொண்டே பேசினாளாம். அது செப்டம்பர் பதினாலு. பதினெட்டாம் தேதி போய்விட்டாள். டெங்கு.

சரி, வருகிறேன் என்றேன்.

மேடை கொடுக்கிறார்கள். மைக்கும் கொடுப்பார்கள். அத்தனை பேர் முன்னால் வைத்தே கேட்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி லீவு இன்னும் முடியவில்லை. எங்களுக்கு ஏது தீபாவளி. எதிர்வீட்டில் பட்டாசுக் குப்பையை என் வாசல் வரைக்கும் தள்ளிவிட்டிருந்தார்கள். கூட்டி அவர்கள் வாசலுக்கே தள்ளினேன்.

பர்வீனைக் கூப்பிட்டேன். கடையில் கோகிலா மைக்கில் பேசியதெல்லாம் எங்கே கேட்பது என்று காட்டச் சொன்னேன். மத்தியானம் வந்து கோகிலாவின் ஃபோனிலேயே எடுத்துக் காட்டினாள். மாசம் ஒருவாட்டி, இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், யாராவது எழுத்தாளர் வருவார். இரண்டு பிரம்பு நாற்காலி. ஒன்றில் அவர், ஒன்றில் கோகிலா. இவள் கேட்பாள், அவர் சொல்வார். அதை ரெக்கார்டு பண்ணி, இருமினது, நாற்காலி இழுத்தது எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு ஊர் உலகம் கேட்கிற மாதிரிப் போட்டுவிடுவார்கள்.

"வெட்டறது யாரு? உங்க சாரா?"

"இல்லீங்மா. கோகிலாதான். வேற யாருக்கும் அது சரியா வராது."

மொத்தம் பத்தொன்பது. கடைசியானது செப்டம்பர் பதினாலு. "அதை மொதல்ல கேக்கறீங்களா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். இருபத்திரண்டு வருசமாக பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. தைத்து வந்த துணியை விரித்து ஓட்டை, கறை, விட்ட தையல் பார்க்கிறது. எங்கே பழுதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒரு துணிக்கட்டை அவிழ்த்தால் முதல் பீஸிலிருந்துதான் பார்க்க வேண்டும். நடுவில் உருவினால் கணக்கு விட்டுப்போகும். இதையும் அப்படியே கேட்கிறேன். எங்கே பழுதோ, எத்தனாவது நிமிஷம் என்று இங்கே குறித்து வைக்கிறேன். இருபத்திநாலாம் தேதி அந்த ஆள் ஒன்றும் மறுத்துப் பேச முடியாது.

நவம்பர் 5, செவ்வாய்

முதல் ரெக்கார்டு. வந்தவர் தாடிக்காரர் போலப் பேசினார். முகம் தெரியாது, குரலில் தாடி இருந்தது.

கோகிலா குரல் கேட்டதும் நிறுத்திவிட்டேன். அரிசி களைந்தேன். திரும்பப் போட்டேன்.

அது அவள் வீட்டில் பேசுகிற குரல் இல்லை. வீட்டில் "ம்", "தெரியலம்மா", "அப்புறமா". அங்கே தண்ணீர் மாதிரிப் பேசுகிறாள். அந்தப் பேச்சையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

23 நிமிடம் 15 - "எங்கம்மா தெனமும் வேலை விட்டு வந்து எனக்கு ஒரு கதை சொல்வாங்க. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வாசிக்கற ஆசையே வந்துச்சு." பொய்.

எல்லோரும் கைதட்டுகிறார்கள். தாடிக்காரர், "அப்படி ஓர் அம்மா வாய்ப்பது பாக்கியம்" என்கிறார்.

நான் எந்தக் காலத்தில் கதை சொன்னேன்? எட்டரை மணிக்கு வந்து, பஞ்சு ஒட்டின தலையைக்கூடத் தட்டாமல் அடுப்பைப் பற்றவைக்கிறவள். வந்ததும் வராததுமாக மேனேஜரைத் திட்டுவேன், சூப்பர்வைசரைத் திட்டுவேன், அவளைத் திட்டுவேன். எனக்கு ஒரு கதையும் தெரியாது. எங்கம்மாவும் எனக்குச் சொன்னதில்லை.

அவளுக்கு வேறொரு அம்மா வேண்டியிருந்திருக்கிறது. அங்கே போய் உண்டாக்கிக்கொண்டாள்.

நவம்பர் 7, வியாழன்

கம்பெனி திறந்தாச்சு. கேட்டில் செக்யூரிட்டி நீலப் பிளாஸ்டிக் பெட்டியை நீட்டுவார், ஃபோனை அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். வேலை முடிந்து வரும்போதுதான் கையில் கிடைக்கும். எல்லோரும் போடுகிறதுதான். நானும் போட்டேன்.

மேனேஜர் லோகநாதன் என் டேபிளுக்கு வந்து, "என்னம்மா துளசிமணி, மனசைத் தேத்திக்கிட்டு வேலையப் பாரு" என்றான். தேற்றச் சொல்ல இவன் யார். போன வருசம் ஜெர்மனிக்காரன் ஒருத்தன் துணி பார்க்க வந்தான். அவன் கையில் கொடுக்கிற சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஊசி முனை அளவு ஓட்டை. நான் அம்பு ஒட்டினேன். இவன் வந்து பிய்த்துப் போட்டான். மறுபடி ஒட்டினேன். மறுபடி பிய்த்தான். "கண்ணு தெரியலையா உனக்கு? ஓட்டையே இல்ல" என்றான். மூன்றாவது தடவையும் ஒட்டி, மேலே கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு அவன் மூஞ்சியையே பார்த்தேன். அப்போது ஜெர்மனிக்காரன் உள்ளே வந்துவிட்டான். வந்தவன் சட்டையைப் பார்த்தானா? இளநீர் குடித்துக்கொண்டு ஃபேன் எங்கே சுத்துகிறது என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாசம் என்னைப் பிசிறு வெட்டுகிற இடத்துக்கு அனுப்பி நிற்கவைத்தான் லோகநாதன். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடந்தது.

இவன் எனக்கு மனசைத் தேற்றுகிறான்.

நவம்பர் 10, ஞாயிறு

ருக்குமணி வந்தாள். கறிவேப்பிலையும் ஒரு டப்பா அரிசிம்பருப்புச் சோறும் கொண்டு வந்தாள். அவளும் உட்கார்ந்து ஆறாவது ரெக்கார்டைக் கேட்டாள்.

31 நிமிடம் 40 - கோகிலா சொல்கிறாள், "எங்கம்மா சொன்ன கதை ஒண்ணு. ஒரு ராசாவுக்கு ஆயிரம் பேரு சேந்து ஒரு சட்டை தெச்சாங்களாம். அதுல ஒரு சின்ன ஓட்டை. ஒரே ஒரு பொம்பளைக்குத்தான் அது தெரிஞ்சுச்சு. அவ அந்த எடத்துல ஒரு செவப்பு அம்பைக் குத்தி வெச்சா. மந்திரி புடுங்கிப் போட்டான். மறுபடி வெச்சா. மறுபடி புடுங்கினான். மூணாவது தடவை ராசா வந்து அதைப் போட்டுப் பாத்தாராம். அம்பு அவரு நெஞ்சுக்கு நேரா நின்னுச்சாம். அன்னைக்கு மொத மொதலா அந்த ராசாவுக்குப் பயம் வந்துச்சாம்."

பொய் என்று எழுதப்போனேன். ருக்குமணி சோற்றுக் கரண்டியோடு சிரித்துவிட்டாள்.

"ஏம்புள்ள, இது நம்ம லோகநாதனல்லோ. மந்திரியாமா அவன்."

"லோகநாதனாவது மண்ணாவது. இது ராசா கதை."

"அந்த அம்பு ஸ்டிக்கரு? மூணு தடவை புடுங்கினது? நீ அன்னைக்கு ஊட்டுக்குப் போய் அந்தப் புள்ளைகிட்டக் கத்தியிருப்பே."

"கத்தினேன். அது கத்தினது. கதை சொன்னது இல்ல."

"ரெண்டுக்கும் என்ன புள்ள வித்தியாசம், கேக்கறவளுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டப்பாவைக் கழுவிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும். அந்த ஜெர்மனிக்காரன் பயப்படவே இல்லை. கோகிலா அதையும் மாற்றிவிட்டாள்.

நவம்பர் 11, திங்கள்

மாவு ஆட்டவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு.

நவம்பர் 13, புதன்

பதினோராவது ரெக்கார்டு. வந்தது ஓர் எழுத்தாளர் அம்மா. நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார், ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுப் போடுகிற மாதிரி. அவர் கோகிலாவையே திருப்பிக் கேட்கிறார், நீங்கள் மறக்காத புத்தகம் எது என்று.

17 நிமிடம் 50 - "ஆறாவது படிக்கும்போது லைப்ரரியில இருந்து எடுத்துட்டு வந்த ஒரு புத்தகம். மழையில நனைஞ்சு ஊறிப்போச்சு. அம்மா உக்காந்து பக்கம் பக்கமா அயர்ன் பண்ணிக் காய வெச்சுக் குடுத்தாங்க. அந்தச் சூட்டோட வாசனை இன்னும் எனக்கு மறக்கல."

அந்த எழுத்தாளர் அம்மா, "உங்கம்மாவை நான் பார்க்கணும்" என்கிறார்.

மழையா? மழை எங்கே பெய்தது?

எழுதிவிடுகிறேன். ஏப்ரல் மாசம் அது. வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் அப்பன் பல்லடத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்த வாரம். வேலை விட்டு வந்தால் வீடெல்லாம் கருகின நாற்றம். சோறு அடி பிடித்துக் கரியாகிக் கிடக்கிறது, இவள் மூலையில் உட்கார்ந்து புத்தகத்துக்குள் தலையை விட்டிருக்கிறாள். நான் பிடுங்கினேன். துணி ஊறவைத்த பக்கெட்டில், சோப்புத் தண்ணீரில், கையோடு அழுத்தினேன். அவள் அழவில்லை. பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகில் ஒன்று வைத்தேன். அப்போதும் அழவில்லை.

அப்புறம் லைப்ரரிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து எடுத்துப் பிழிந்தேன். அயர்ன் பண்ணினேன். பண்ணினது நிஜம்தான்.

17 நிமிடம் 50 - பொய் என்று எழுதி, அடித்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எங்களிடம் ஒரு பீஸ் வந்தால் நல்லது, திருப்பித் தைக்கிறது, தள்ளுபடி, மூன்றில் ஒன்றில் விழ வேண்டும். இது எதிலும் விழவில்லை.

என் கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மழையை வைத்திருக்கிறாள். யார் கேட்டது? நான் கேட்டேனா?

நவம்பர் 14, வியாழன்

மழையாம்.

நவம்பர் 16, சனி

பதினெட்டு முடிந்தது. எல்லாவற்றிலும் கோகிலா உண்டாக்கிக்கொண்ட அந்த அம்மா வருகிறாள். பரீட்சைக்குப் போகும்போது தலையைத் தடவி அனுப்புகிற அம்மா. மகளுக்காகக் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்ட அம்மா. தள்ளிப்போட்டது, மாப்பிள்ளை வீட்டார் போட்ட சண்டையால். தலையைத் தடவினது, பேன் இருக்கிறதா என்று பார்க்க.

கேட்கக் கேட்க அந்தப் பொம்பளையை எனக்குப் பிடிக்கவே இல்லை.

பர்வீன் ஃபோன் பண்ணி, "கடைசியையும் கேட்டீங்களாம்மா?" என்றாள்.

"நாளைக்குக் கேக்கறேன்."

நவம்பர் 17, ஞாயிறு

கேட்கவில்லை. போர்வை மூன்றையும் துவைத்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தேன். இரண்டு பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றிருந்தது, கொட்டினேன். இப்போது கொட்டுகிறேன். மிக்சி ஜாருக்கு ரப்பர் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான், வேலை ஒழியாது. செப்டம்பர் பதினைந்தும் ஞாயிறுதான். ஷிப்மென்ட் என்று வரச் சொன்னார்கள். ரசம் வைத்துவிட்டு, மாத்திரை போட்டுவிட்டு, "படுத்துக்க புள்ள, மத்தியானம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அரை நாள்தான்.

சாயங்காலம் ஆகிவிட்டது. அது வேறு.

நவம்பர் 18, திங்கள்

கேட்கவில்லை.

நவம்பர் 20, புதன்

லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டேன். இது மட்டும் வெட்டாதது. வெட்டுகிறவள் படுத்துவிட்டாள். பர்வீன் எடுத்தபடியே போட்டிருக்கிறாள்.

முதலிலேயே தெரிகிறது. நான்கு கேள்விக்கு ஒருவாட்டி பாட்டில் மூடி திறக்கிற சத்தம். 52 நிமிடத்தில் எழுத்தாளர் பேர் மறந்துபோய்த் தடுமாறுகிறாள். எழுதிக்கொண்டே வந்தேன். மாட்டினாயடா சந்திரசேகர் என்று இருந்தது.

1 மணி 24 நிமிடம் - கைதட்டல். முடிந்தது. ஆனால் ரெக்கார்டு ஓடுகிறது. நாற்காலி இழுக்கிறார்கள். யாரோ கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்புறம் கடைக்காரர் குரல்.

"கோகிலா, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது. காய்ச்சலா?"

"லேசாத்தான் சார்."

"லேசாவா? பர்வீன், தொட்டுப் பாரு."

"கொதிக்குதுங் சார்."

"மத்தியானமே ஒரு மாதிரி இருக்கறே, ஊட்டுக்குப் போ, நான் பேசிக்கறேன்னு சொன்னேன். கேட்டியா? வா, கார்ல கொண்டுபோய் விட்டர்றேன்."

"வேண்டாங் சார். நீங்க எழுத்தாளரை ரயிலேத்தோணும். நான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். வந்துட்டு இருக்காங்க."

1 மணி 27 நிமிடம் 30.

வந்துட்டு இருக்காங்க.

அதற்கப்புறம் எல்லோரும் படி இறங்குகிறார்கள். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். பிறகு ஃபோன் அடிக்கிறது, அந்தப் பக்கம் அடிக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கிறது. அடித்து நிற்கிறது. மறுபடி. நிற்கிறது. மறுபடி.

"எடும்மா."

மெதுவாகத்தான் சொல்கிறாள். கோபமே இல்லை.

அப்புறம், "அட, இது இன்னும் ஓடிட்டே இருக்குது" என்று கிட்டே வருகிறாள். அத்தோடு முடிந்தது.

என் ஃபோன் நீலப் பெட்டியில் கிடந்தது. ஓவர்டைம். எட்டு நாற்பதுக்கு எடுத்தேன். பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். கேட்டிலிருந்தே கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லம்மா, பைக்குள்ள கை பட்டு அழுந்திருச்சு. நான் பஸ்ல வந்துட்டு இருக்கேன்" என்றாள்.

பதினோரு தடவை கை படுமா? இருபத்திரண்டு வருசம் ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் நான். நம்பினேன். நம்பினால் ஓடிப்போக வேண்டியதில்லை, அதனால் நம்பினேன்.

நவம்பர் 21, வியாழன்

பர்வீனிடம் கேட்டேன். "என்கிட்டயும் அதேதான் சொன்னாம்மா. அம்மா பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டாங்க, நீ போ புள்ளன்னு. நான் ஷட்டரை இழுத்துட்டுப் போயிட்டேன். படியிலதான் உக்காந்திருந்தா." அழுதாள். எனக்கு அவள் அழுவது எரிச்சலாக இருந்தது.

அந்த ஆளைக் கேட்கலாம் என்று இருந்தேன். இப்போது யாரைக் கேட்பது? எல்லோரிடமும் அவள் அம்மா வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அந்த நல்ல அம்மா. அவள் எங்கேயாவது வருவாளா?

கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்று முடிவு பண்ணினேன்.

நவம்பர் 23, சனி

போகிறேன். கோகிலாவுடைய பச்சைச் சுங்குடிச் சேலை இருக்கிறது. அயர்ன் பண்ணினேன். பண்ணும்போது சூட்டு வாசனை வந்தது. அயர்ன் பெட்டியை அணைத்துவிட்டு, சுருக்கத்தோடு மடித்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கடை மாடியில் கூட்டம். அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், நின்றுகொண்டும் ஆட்கள். கோகிலா படத்துக்குப் பூப்போட்டார்கள். அவள் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள், வீட்டில் அந்தச் சிரிப்பு கிடையாது.

ஆளாளுக்குப் பேசினார்கள். பிறகு இரண்டு பிரம்பு நாற்காலி போட்டு, ஒன்றில் என்னை உட்காரவைத்தார்கள். எதிரில் கோகிலா உட்கார்கிற நாற்காலியில் பர்வீன். என் சேலையில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினார்கள். நிறுத்தி நிறுத்திப் பேசுகிற அந்த எழுத்தாளர் அம்மா முதல் வரிசையில். கண்ணாடி போட்டிருந்தார்.

பர்வீன் ஆரம்பித்தாள். "கோகிலா அடிக்கடி சொல்லுவா... அந்த மழையில நனைஞ்ச புத்தகம். அதைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"மழை பெய்யலைங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"அன்னைக்கு மழை பெய்யல. ஏப்ரல் மாசம். நான்தான் பக்கெட்டுல போட்டு அமுக்கினேன். முதுகுலயும் ஒண்ணு வெச்சேன். அயர்ன் பண்ணினது லைப்ரரிக்குப் பயந்துட்டு. அவ உங்க எல்லார்த்துகிட்டயும் முன்னாடி நடந்ததைக் காட்டாம பின்னாடி நடந்ததை மட்டும் காட்டியிருக்கறா."

 பர்வீன் பயந்துபோய், பேச்சை மாற்ற, "அந்த ராசா கதை..." என்றாள்.

"ராசா கெடையாது. லோகநாதன்னு ஒரு மேனேஜரு." அதைச் சொன்னேன். ஸ்டிக்கர், பிய்த்தது, ஜெர்மனிக்காரன் இளநீர் குடித்தது. சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "சிரிக்காதீங்க. இன்னும் முடியல" என்றேன். நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் சந்திரசேகரைப் பார்த்தேன். சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். "உங்களைத் திட்டத்தானுங்க வந்தேன். எத்தனாவது நிமிஷம்னு எல்லாம் எழுதி வெச்சிருந்தேன். கடைசி ரெக்கார்டைக் கேட்டேன். அம்மா வந்துட்டு இருக்காங்கன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கறா. நான் வரல. அவ பதினோரு தடவை கூப்பிட்டா. எங்க கம்பெனியில கேட்டுல ஒரு நீலப் பெட்டி வெச்சிருக்கறாங்க. உள்ள போற பொம்பளைக ஃபோனெல்லாம் அதுக்குள்ள. இருநூறு பேரு ஊட்டுல யாருக்கு என்ன ஆனாலும் அது அதுக்குள்ளதான் அடிக்கும். அது அங்க அடிச்சுட்டு இருந்தப்ப நான் எவனோ போடற சட்டையில ஓட்டை தேடிட்டு இருந்தேன். அடுத்த நாளு ஞாயித்துக்கெழமை. காய்ச்சல்னு தெரிஞ்சும் போனேன். அது பெட்டி இல்ல. அது நானு."

அவ்வளவுதான் என்று மைக்கைக் கழற்றினேன். ஊக்கு சேலையைக் கிழித்துவிட்டது.

கீழே இறங்கும்போது கண்ணாடி அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு அழகாச் சொன்னீங்க."

"இதுல அழகு என்னங்க இருக்குது?" என்று கையை உருவிக்கொண்டேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அந்தப் பாழாய்ப்போன ராசாவின் நெஞ்சுக்கு நேராக அம்பு நின்றதை அவள் எப்படி யோசித்தாள் என்று யோசித்துக்கொண்டே ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

என்னுடையதையும் போட்டுவிட்டார்கள். இருபதாவது ரெக்கார்டு. வேலை விட்டு வந்து முழுதும் கேட்டேன். என் குரல் கரகரவென்று, சண்டைக்காரி மாதிரி இருக்கிறது.

34 நிமிடம் 5 - மழை பெய்யலைங்க. சரி.

36 நிமிடம் - ஜெர்மனிக்காரன். சரி.

38 நிமிடம் 10 - பெட்டி. சரி.

40 நிமிடம் - ஞாயிற்றுக்கிழமை. இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு அம்பு போட்டேன். போட்டது போட்டபடி இருக்கட்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

லோகநாதன் ரூமுக்குக் கூப்பிட்டான். ஏசி போட்டிருந்தான். அவன் மேசையில் ஃபோன் கிடந்தது. அவன் ஃபோன் பெட்டிக்குள் போவதில்லை.

"ஏம்மா துளசிமணி, மகளைப் பறிகொடுத்தவங்கன்னு பாத்தா, மேடையேறி என் பேரச் சொல்லியிருக்கறே. முதலாளி வரைக்கும் போயிருச்சு. வெளிநாட்டுக்காரங்க காதுக்குப் போனா என்ன ஆகும்?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னைச் சொன்னதுகூடப் போகட்டும். அந்தப் பெட்டியப் பத்திப் பேசின எடம் மட்டும் வேண்டாம். கடைக்காரர்கிட்டச் சொல்லி அதை வெட்டிரச் சொல்லு. ரெண்டு நிமிஷம்தான் இருக்கும்."

"முப்பத்தெட்டு நிமிஷம் பத்துல வருதே, அதுங்களா?"

"ஆமா, அதுதான்."

"பாத்துட்டேனுங் சார். அது நல்ல பீஸு. வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல."

அவன் முகம் கறுத்துவிட்டது. "நீ சொல்லாட்டி நானே பேசி எடுத்துக்கறேன்."

"எடுங்க. நான் மறுபடி போய் ஒக்காந்து சொல்றேன். போன தடவை அம்பு ஒட்டறதை மூணோட நிறுத்திட்டேன்."

சாயங்காலம் சந்திரசேகர் ஃபோன் பண்ணினார். கம்பெனியிலிருந்து பேசினார்களாம், மிரட்டலாகவே. "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுங்மா. அந்த எடத்தை மட்டும் வெட்டிரட்டுமா?"

"அந்தக் கடையில வெட்டறது யாருங்க?"

"கோகிலாதானுங்மா" என்றார்.

"அவதான் இல்லையே. அப்படியே விடுங்க" என்றேன்.

நவம்பர் 27, புதன்

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். இப்படித்தான் ஆகும் என்று தெரியும்.

கேட்டில் பெட்டியை நீட்டினார்கள். போடவில்லை.

"போட்டாத்தான் உள்ள விடுவேன்" என்றார் செக்யூரிட்டி.

"அப்ப விடாதீங்க."

பின்னால் வரிசை நின்றது. ருக்குமணி என் இடுப்பில் இடித்தாள். "புள்ள, போட்டுட்டு வா. நேரமாகுது."

"நீ போ."

"வேலை போயிரும்டி."

"தெரியும். போ."

அவள் ஃபோனைப் போட்டாள். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். எல்லோரும் போனார்கள். சங்கு ஊதியாச்சு. கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

எதிரே வேப்பமரத்துக் கல்லில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்டி கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருக்கிறது. இங்கிருந்தே கேட்கிறது, உள்ளே யாருடையதோ அடித்துக்கொண்டிருக்கிறது. செக்யூரிட்டி அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

என் ஃபோன் மடியில் இருக்கிறது. இதில் கூப்பிட இனிமேல் யாரும் இல்லை. இருந்தாலும் கையில்தான் வைத்திருக்கிறேன்.